பொருள்: மருமகன் விழுவது தொடர்பாக

மரியலூர்து யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் எடையைச் சொல்லிவிடுவார். "அறுபத்தெட்டு," என்பார். எதிரில் நிற்பவர் திருதிருவென்று விழிப்பார். "போன மாசம் அறுபத்தாறுதானே இருந்தீங்க, சுகர் பாத்தீங்களா?" என்று அக்கறையாக வேறு விசாரிப்பார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து எழுந்த மனுஷன். கரும்பு வண்டி ஆலை வாசலில் திரும்பும்போதே ஆயிரத்து எழுநூறு கிலோ என்பார். மேடையில் ஏற்றி நிறுத்தினால் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து காட்டும். அந்த ஐந்து கிலோ எங்கே போனது என்று கேட்டால், வாசலுக்கும் மேடைக்கும் நடுவில் மாடு சாணி போட்டதை நீங்கள் கவனிக்கவில்லையா என்று திருப்பிக் கேட்பார்.

எடை விஷயத்தில் அவரிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. சொந்த மச்சான் டிராக்டரில் கொண்டுவந்த கரும்பில் தண்ணீர் ஊற்றியிருப்பதைக் கண்டுபிடித்து நாற்பது கிலோ கழித்தவர். அந்த மச்சான் இன்றுவரை கிறிஸ்துமஸுக்குக்கூடக் கடலூர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஓய்வு பெற்று முதுநகரில் வந்து உட்கார்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் அவர் தலையைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள். அவர் மனைவி பாக்கியமேரி பாதிக் கல்யாணங்களுக்கு அவரிடம் சொல்லாமலே போய்விட்டு வந்துவிடுவாள்.

இந்த ஆள்தான் கடலூரின் குத்துச்சண்டை ஜோசியர். ஜோசியர் என்றால் அவருக்குக் கோபம் வரும், கணிப்பாளர் என்று சொல்ல வேண்டும். குத்துகளையும் அவர் எடை போட்டுவிடுவார். தோள் எவ்வளவு திரும்புகிறது, பின்னங்கால் தரையை எப்படி உதைக்கிறது, வாங்குகிறவன் கழுத்து எவ்வளவு தூரம் போய் வருகிறது என்றெல்லாம் பார்த்து, "நாப்பது கிலோ", "அறுபத்தஞ்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். ஒருத்தன் இறக்கக்கூடியது எத்தனை, இன்னொருத்தன் தாங்கக்கூடியது எத்தனை, கழித்துப் பார்த்தால் எந்த ரவுண்டில் விழுவான் என்று வந்துவிடும் என்பது அவர் சூத்திரம். கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு வருஷத்தில் இருபத்து மூன்று சண்டைக்குச் சொல்லி இருபத்திரண்டு சரியாக வந்திருக்கிறது. தப்பிப்போன ஒன்றில் மழை வந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

அவருடைய கணிப்புகளிலேயே ரொம்பச் சுலபமானது ஆண்ட்ரூவைப் பற்றியது. ஆண்ட்ரூ அவர் தங்கை ஜோதி மேரியின் மகன், தகப்பன் இல்லாத பையன், மாமா சொல்வதுதான் அவனுக்கு வேதம். வயது இருபத்தாறு, எடை தொண்ணூற்று நாலு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பிளாண்டில் ஐஸ் பார் தூக்குகிற வேலை. பதினொரு சண்டையில் ஆறு ஜெயித்து ஐந்து தோற்றிருந்தான். ஆனால் ஒன்றில்கூட விழுந்ததில்லை. விழுப்புரத்துப் போலீஸ்காரர் ஒருவர் விட்ட எண்பத்து நாலு கிலோக் குத்தைக்கூட வாங்கிக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலம் வரை பெற்ற தாயை "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தானே தவிர விழவில்லை. "எம் மருமவன் விழமாட்டான்" என்று மரியலூர்து ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் சொல்வார், அப்படியே நடக்கும்.

தென்னாற்காடு கோப்பை ஹெவிவெயிட் சாம்பியன் கதிரவனோடு ஆண்ட்ரூ மோதப்போகிறான் என்று அறிவிப்பு வந்தபோது முதுநகரே மரியலூர்து வாயைப் பார்த்தது. கதிரவன் சிதம்பரத்துக்காரன். எட்டுச் சண்டை, எட்டும் நாக்-அவுட், மூன்றாவது ரவுண்டு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது என்று சொல்வார்கள். எல்லாரையும் விழவைக்கிறவன் ஒரு பக்கம், எப்போதும் விழாதவன் மறுபக்கம். என்ன ஆகும் என்று டீக்கடையில் கேட்டார்கள், மீன் ஏலத்தில் கேட்டார்கள், பூசைக்குப் போகிற வழியில் கேட்டார்கள்.

மரியலூர்து யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் காலை பஸ் பிடித்துச் சிதம்பரம் போனார். கீழவீதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கதிரவன் மணல் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தான். இவர் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். வலது கை போய் இறங்கியது. மூட்டை தொங்கிய இரும்புக் குழாய் உத்தரத்தோடு ஆடியது. "நூத்திப் பத்து," என்று அவர் வாய் தானாகச் சொல்லிற்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு.

திரும்பி வரும்போது பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. எண்பத்து நாலிலேயே அம்மாவை சார் என்று கூப்பிட்டவன் நூற்றுப் பத்தைத் தாங்க மாட்டான். ரெண்டாவது ரவுண்டு. சந்தேகமே இல்லை. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர், "என்னா சார், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் எடையைச் சொல்லாமல் வெறுமனே தலையை ஆட்டினார்.

இந்த உண்மையை அவர் அன்றே சொல்லியிருந்தால் கதையே இல்லை. விதி, அன்று சாயங்காலமே கெடிலம் டிவி அருள் பிரகாஷ் செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு ஐஸ் பிளாண்ட் வாசலில் நின்றான். டிவி என்று பெயரே தவிர, அவனும் அந்தச் செல்போனும்தான் மொத்த நிலையம். முதலில் அவன் மரியலூர்துவுக்கு ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். அதில் சிதம்பரத்து நடனசபாபதி பேசினார். கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர், மடிக்கணினியில் கட்டம் போட்டுக் கணிக்கிறவர், ஆறு வருஷமாக மரியலூர்துவுக்கு எதிர்க்கடை. "ரெண்டாவது ரவுண்டில் நாக்-அவுட். எண்பத்தேழு சதவீதம் நிச்சயம்," என்றார் நடனசபாபதி நெற்றி நிறைய விபூதியோடு. "கடலூர்க்காரங்க நல்லா வாங்குவாங்க. அது ஒண்ணுதான் அவங்களுக்குத் தெரியும்."

தன்னுடைய கணக்கும் அதேதான் என்பது மரியலூர்துவுக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல். பக்கத்தில் ஆண்ட்ரூ ஈரக் கைலியோடு வந்து நின்று மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் பிளாண்டு ஆட்கள் இருபது பேர். சொந்த மருமகனைப் பார்த்துக்கொண்டு, அந்த விபூதிக்காரர் சொன்னது சரிதான் என்று எந்த மாமன் சொல்வான்?

"மூணு ரவுண்டும் நிப்பான்," என்றார் மரியலூர்து செல்போனைப் பார்த்து. "முட்டிகூட தரையில படாது. எழுதி வெச்சிக்குங்க."

இருபது பேரும் விசில் அடித்தார்கள். ஆண்ட்ரூ அடிக்கவில்லை. மாமாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஐஸ் பார் தூக்கப் போனான்.

மறுநாளிலிருந்து ஆண்ட்ரூ குனிந்து ஒதுங்குகிற பயிற்சியையே நிறுத்திவிட்டான். பயிற்சியாளர் கத்தினால், "எதுக்கு சார் ஒதுங்கணும்? மாமா நிப்பேன்னு சொல்லிட்டாரு இல்ல," என்றானாம். இது காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து மரியலூர்துவுக்குச் சோறு இறங்கவில்லை. நூற்றுப் பத்து கிலோ வந்து இறங்கும். இந்த மடப்பயல் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பான். விழுந்தாலும் மாமா சொல்லிட்டாரே என்று எழுந்திருப்பான், மறுபடியும் வாங்குவான். பல் போகும், மூக்கு போகும், அதுக்கு மேலே இருப்பதும் போகும். எல்லாம் தன் ஒரு வாய்ச்சொல்லால்.

வறுத்த வஞ்சிரத்தைத் தட்டோடு நகர்த்தி வைத்தபோதுதான் பாக்கியமேரிக்கு விஷயம் பெரிது என்று புரிந்தது. பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டு உண்மையை வாங்கிவிட்டாள்.

"ஏங்க, நேரா போயி பையன்கிட்ட சொல்லுங்க. தப்பா சொல்லிட்டேன்டா, நீ விழுவடான்னு சொல்லுங்க."

"ஊரே பாத்துகினு இருக்குது மேரி. இப்ப போயி மாத்திச் சொன்னா எம் பேச்ச இனிமே எவன் கேப்பான்?"

"கேக்காட்டி போறான். ஒங்க பேச்சு பெருசா, புள்ள பல்லு பெருசா?"

மரியலூர்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மனுஷரிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததைப் புனிதரிடம் சொல்வது என்று முடிவு செய்தார். பங்குக் கோவிலில் அந்தோணியார் சுரூபத்துக்குக் கீழே ஒரு விண்ணப்பப் பெட்டி உண்டு. வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போட்டால் செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டில் புனிதரின் காலடியில் வைத்துவிட்டுப் பிறகு எரித்துவிடுவார்கள். அப்படித்தான் அவருக்குத் தெரியும். அது முப்பது வருஷத்துக்கு முந்தின வழக்கம். ஆலை ஷிஃப்ட்டு காரணமாக அவர் செவ்வாய் நவநாள் பக்கமே போனதில்லை. புதுச் சாமியார் வந்ததிலிருந்து சீட்டுகளை மைக்கில் வாசிக்கிறார்கள் என்பதும், சபை மொத்தமும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறது என்பதும், அந்த வாசிப்பைச் செய்கிறவள் தன் தங்கை ஜோதி மேரிதான் என்பதும் பாவம் அவருக்குத் தெரியாது.

ஆலையில் மேலதிகாரிக்கு எழுதிப் பழகிய கை. புனிதருக்கும் அதே மாதிரி எழுதிற்று. நாலாக மடித்துப் பெட்டியில் போட்டார். செவ்வாய் சாயங்காலம், சீட்டு ஒழுங்காகக் காலடிக்குப் போகிறதா என்று பார்ப்பதற்காகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஜோதி மேரி மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். வாராவாரம் நாற்பது ஐம்பது சீட்டு வாசிக்கிறவள். கண் வாசிக்கும், வாய் ராகம் போடும், மனசு வீட்டில் ஊறவைத்த அரிசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும். "என் மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டுமென்று," என்று இழுப்பாள். முன்னூறு பேரும் பாதித் தூக்கத்தில், "புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்பார்கள். "என் கணவர் குடிப்பழக்கத்தை விட வேண்டுமென்று." எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். வாசிக்கிறார்களா என்று மரியலூர்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுந்து போகலாமா என்று நினைப்பதற்குள் அவருடைய சீட்டு வந்துவிட்டது.

"அனுப்புநர், பெயர் வேண்டாம்," என்று அதே ராகத்தில் ஆரம்பித்தாள் ஜோதி மேரி. "பெறுநர், புனித அந்தோணியார், பெரிய பீடத்துக்கு இடது பக்கம். பொருள், மருமகன் விழுவது தொடர்பாக. ஐயா, வருகிற ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் நடக்கும் சண்டையில், தொண்ணூற்று நாலு கிலோ எடையுள்ள எனது மருமகன் முதல் ரவுண்டிலேயே, லேசான குத்தில், பல், மூக்கு, மூளை ஆகியவற்றுக்குச் சேதமில்லாமல் விழவும், விழுந்தபின் எழுந்திருக்காமல் இருக்கவும் ஆவன செய்ய வேண்டுமென்று..."

"புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்றது முன்னூறு பேர் கொண்ட சபை, ஒரே குரலில், மனப்பூர்வமாக.

அதற்கப்புறம்தான் ஜோதி மேரி சீட்டை மறுபடியும் ஒரு தடவை மனதுக்குள் வாசித்தாள். மருமகனின் எடையைப் புனிதருக்கு எழுதித் தெரிவிக்கிற ஆள் அந்தப் பங்கிலேயே ஒருவர்தான். முன்னூறு தலையும் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பிற்று. மூன்றாவது வரிசையில் ஆண்ட்ரூவும் திரும்பினான்.

கோவில் வாசலில் ஜோதி மேரி செருப்பைக்கூட மாட்டாமல் வந்து நின்றாள். "கூடப் பொறந்தவன் செய்யற வேலையாண்ணே இது? ஊருக்கு முன்னாடி நிப்பான்னு சொல்லிட்டு, அந்தோணியார்கிட்ட போயி விழணும்னு கேப்பியா? அதையும் என் வாயாலயே வாசிக்க வெச்சிட்டியே!" மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் ஆண்ட்ரூவே ஆள் அனுப்பினான். ஐஸ் பிளாண்டுக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. ஆண்ட்ரூ ஒரு ஐஸ் பார் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே மாமாவுக்கும் ஒன்று போட்டு வைத்திருந்தான்.

"மாமா, நெஜமான கணக்கு என்னா?"

மரியலூர்து தரையைப் பார்த்தார். "ரெண்டாவது ரவுண்டு. அவன் வலது கை நூத்திப் பத்து கிலோடா. நீ தாங்கமாட்ட."

பையன் இடிந்து போவான், கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தார். ஆண்ட்ரூவின் முகத்தில் வேறு என்னவோ நடந்தது. புருவம் உயர்ந்தது, தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின.

"அப்ப விழலாமா மாமா?"

"என்னாடா சொல்ற?"

"மொத சண்டையில, இருவது வயசுல, மொத குத்து வாங்கனதுமே எனக்கு அப்படியே படுத்துக்கலாம்னு இருந்துச்சு. காது ரெண்டும் ங்கொய்ன்னு கத்துது. கண்ணுல ரெண்டு ரெப்ரி தெரியறாங்க. அப்ப கயித்துக்கு வெளிய நீங்க சத்தம் போட்டு சொல்றீங்க, எம் மருமவன் விழமாட்டான்னு. ஒங்க மானம் போயிடுமேன்னு நின்னேன். அதுலேருந்து பதினோரு தடவையும் அதே கததான் மாமா. எல்லாரும் இரும்பு ஒடம்புன்றாங்க. எனக்கு வலி ஜாஸ்தியா இருக்குது."

மரியலூர்துவுக்கு உட்கார்ந்த இடத்தின் குளிர் தெரியவில்லை. இத்தனை வருஷம் எடை பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்த எடையைப் பையன் தலையில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப போவாதடா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்."

"பேரு குடுத்துட்டு போவாம இருந்தா தொறமொகத்துல தலகாட்ட முடியுமா? போறேன் மாமா. ஆனா விழலாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"விழுடா," என்றார் மரியலூர்து. "எப்பத் தோணுதோ அப்ப விழு. ரெண்டாவது ரவுண்டு வரைக்கும்கூட காத்துகினு இருக்காத."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சண்டை. காலையில் அங்கே கல்யாணம் நடந்திருந்தது. வாசலில் வாழை மரம் நின்றது, மேடையில் சந்திரலேகா என்ற தெர்மாகோல் எழுத்தும் மாப்பிள்ளைப் பேரில் பாதியும் மிச்சம் இருந்தன. அதற்குக் கீழேதான் ரிங். கடலூரிலிருந்து மூன்று பஸ் நிறைய ஆள் வந்திருந்தது. ஜோதி மேரி அண்ணனுக்கு மூன்று வரிசை தள்ளி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நடனசபாபதி மடிக்கணினியோடு எழுந்து வந்து மரியாதையாகக் கைகூப்பினார். "வாங்க சார். எண்பத்தேழு சதவீதம்."

"வணக்கம் சார். எழுபத்தொண்ணு," என்றார் மரியலூர்து. நடனசபாபதி தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார்.

மணி அடித்தது. கதிரவன் பெரிய உடம்பை லாகவமாக நகர்த்தி ரிங்கைச் சுற்றி வந்தான். ஆண்ட்ரூ நடுவில் நின்றான். அரை நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதிரவன், தூரம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக இடது கையைச் சும்மா நீட்டினான். அது ஆண்ட்ரூவின் கன்னத்தில் பட்டது. பன்னிரண்டு கிலோ என்று மரியலூர்துவின் மூளை சொல்லிற்று. கூடினால் பதிமூன்று.

ஆண்ட்ரூ ஒரு கணம் நின்றான். கூட்டமான பஸ்ஸில் சீட்டுத் தேடுகிறவன் போல இடமும் வலமும் பார்த்தான். அப்புறம் முதலில் ஒரு முட்டியை ஊன்றி, அடுத்த முட்டியை ஊன்றி, இடுப்பை வைத்து, தோளை வைத்து, பத்திரமாக, நிதானமாக விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டான். கதிரவன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். நடுவருக்கே நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் எண்ண ஆரம்பித்தார்.

ஒன்று, இரண்டு என்று கேட்டபோது மரியலூர்துவின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அந்தோணியார் ஒரு வரி விடாமல் நிறைவேற்றியிருக்கிறார். முதல் ரவுண்டு, லேசான குத்து, பல், மூக்கு, மூளை எல்லாம் பத்திரம். நாலு என்றபோது சிதம்பரத்துப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஐந்து என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். கடலூர் ஆட்கள் இருநூறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போது மரியலூர்துவுக்கு, தான் சீட்டு எழுதிக் கேட்டதும், விழுடா என்று பையனிடம் சொன்னதும் எல்லாம் மறந்துபோனது. நாற்காலியின் மேல் ஏறி நின்று, "டேய் ஆண்ட்ரூ, எழுந்திருடா! எழுந்திரு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஆண்ட்ரூ ஒரு கண்ணை மட்டும் திறந்தான். மாமாவைப் பார்த்தான். மறுபடியும் மூடிக்கொண்டான்.

பத்து.

மண்டபம் இரண்டுபட்டது. சிதம்பரத்துக்காரர்களில் சிலர் கைதட்டினார்கள், பலர் "டூப்பு, டூப்பு" என்று கத்தினார்கள். கடலூர்ப் பக்கத்தில் முதலில் எழுந்தது மாரியம்மாள் என்கிற மீன்கார அம்மாள். வாராவாரம் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்கு வந்துபோகிறவள். "இந்தாளு செவ்வாக்கெழமையே சொல்லிட்டாரே! மொத ரவுண்டு, லேசான குத்துன்னு! நான் என் காதால கேட்டேன்!" என்று மரியலூர்துவைக் கை நீட்டிக் காட்டினாள். முன்னூறு பேர் சேர்ந்து செய்த ஜெபம் அது என்பது இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. கணிப்பு என்றால் இது கணிப்பு என்று ஆளாளுக்கு வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். அவருக்கு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆண்ட்ரூவைத் தேடிக்கொண்டு பந்திக்கூடத்துக்குப் போனார். கல்யாணத்தில் மிஞ்சிய இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சண்டைக்காரர்களுக்குப் போட்டிருந்தார்கள். ஆண்ட்ரூ முப்பத்திரண்டு பல்லாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஜோதி மேரி பக்கத்தில் நின்று, பையனின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காயம் தேடிக்கொண்டிருந்தாள். கிடைக்கவில்லை.

மரியலூர்து பக்கத்தில் உட்காரப்போகும்போது நடனசபாபதி வந்துவிட்டார். கூடவே செல்போன் குச்சியோடு அருள் பிரகாஷ், அவனுக்குப் பின்னால் குத்துச்சண்டைச் சங்கத்துச் செயலாளர் சடையப்பன், அவருக்குப் பின்னால் ஐம்பது பேர்.

"சார், என் கணிப்பும் தப்பு, டிவியில நீங்க சொன்னதும் தப்பு," என்றார் நடனசபாபதி. "ஆனா எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. எடை பாக்கறதுல உங்களை மிஞ்ச ஆள் கிடையாது, அதை நான் ஒத்துக்கறேன். அந்தக் குத்துல கனம் இருந்துச்சா? நீங்க இல்லன்னு சொன்னீங்கன்னா, இவரு விழல, படுத்தாரு. கதிரவன் இவரை வீழ்த்தல. அப்போ நீங்க சொன்னதுதான் சரி. கடலூர்க்காரனை யாராலயும் சாய்க்க முடியாதுன்னு நானே இந்த வீடியோவுல சொல்லிடறேன்."

சடையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வேணும்னே படுத்திருந்தா ஆயுசுக்கும் தடை. அது சங்கத்து விதி. அவரு வாயால வரட்டும்."

ஆண்ட்ரூ மெல்லுவதை நிறுத்தினான். ஜோதி மேரி அண்ணனைப் பார்த்தாள், செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக.

ஒரே ஒரு சொல். பன்னிரண்டு. அதைச் சொன்னால் ஆறு வருஷத்து எதிர்க்கடை மூடிக்கொள்ளும், மரியலூர்து கணிப்பு தப்பியதே இல்லை என்று ஊர் பேசும். உண்மையும் அதுதான். எடையில் அவர் இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. பையனைப் பார்த்தார். இட்லித் துண்டு கையிலேயே இருந்தது.

"நூத்திப் பன்னண்டு," என்றார்.

"என்ன சார்?"

"நூத்திப் பன்னண்டு கிலோ. எடது கை. முப்பத்தேழு வருஷமா எட போடறேன், இப்படி ஒரு கனத்த நான் பாத்ததில்ல. வேற எவனாவது இருந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பான். எம் மருமவன் விழமாட்டான்னு சொன்னேன் பாருங்க, அது என் தப்பு. எனக்குக் கணக்கு தெரியல. எழுதிக்குங்க."

அருள் பிரகாஷ் அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டான். சடையப்பன் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். நடனசபாபதி நம்பவில்லை, ஆனால் எடைக்காரர் சொன்ன எடைக்கு மேல் அவர் எந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டுவது? மடிக்கணினியை மூடிக்கொண்டு போனார். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த கதிரவன் மட்டும் போகவில்லை. மெதுவாகக் கிட்டே வந்தான்.

"சார், நெஜமாவா? எடது கையா?"

"ஆமாம்பா. யார் மேலயும் பாத்துப் போடு."

எட்டு பேரை வலது கையால் சாய்த்த சாம்பியன், தன் இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் போவதுபோல ஜாக்கிரதையாக வெளியே போனான்.

மரியலூர்து உட்கார்ந்தார். ஜோதி மேரி ஒரு இலையைப் போட்டு, மூன்று இட்லி வைத்து, அண்ணனுக்குக் கொத்சை நிறையவே ஊற்றினாள்.

"மாமா," என்றான் ஆண்ட்ரூ சாப்பிட்டுக்கொண்டே. "அடுத்த மாசம் விழுப்புரத்துல ஒரு சண்ட இருக்குது. கூப்புடறாங்க. நிப்பேனா, விழுவேனா?"

"தெரியாதுடா. இனிமே நான் எதுவும் சொல்லமாட்டேன். யார் கேட்டாலும் சொல்லமாட்டேன். நிக்கறதும் விழறதும் உன் இஷ்டம்."

ஆண்ட்ரூ விரலை நக்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"அப்படின்னா நின்னு பாக்கறேன் மாமா," என்றான்.